பன்றி பார்க்க வந்தவர்கள்

பஹீம்: ...இல்ல சேர், நான் கேட்டது வேற. அவன் சென்னது வேற.

நவரட்ணராஜா: நீர் வடிவாக் கேட்டனீரோ?

பஹீம்: "இந்தப் பக்கம் அது வருதா"ண்டு கேட்டேன்.

நவரட்ணராஜா: அது எண்டால்?

பஹீம்: அதுதான் சேர்... அந்தச் சாமான். நாலு காலு.

நவரட்ணராஜா: பண்டியோ?

பஹீம்: மெதுவா செல்லுங்க! இண்டைக்கு வெள்ளிக்கிழம.

நவரட்ணராஜா: சரி, அந்த டீக்கடைக்காரன் என்ன சொன்னவன்?

பஹீம்: "வருதுங்க நானா. ராஜலிங்கம் அண்ணன் வீட்டுக்குப் பின்னால வருது. அந்த வீட்டுப் புள்ள டிலானி கண்டில ஒஃபிஸ்ல வேல செய்யுது, தங்கமான புள்ள, ஏ.எல். மூணு பாடமும் பாஸ்"ண்டு செல்றான்.

நவரட்ணராஜா: பண்டியைக் கேட்டால் ஏன் காணும் ஏ.எல். றிசல்ட்ஸ் சொல்லுறான்?

பஹீம்: அதத்தானே நானும் கேக்குறேன்! கீழ லயத்துல அந்தக் கிழவரும் அப்படித்தான். "பன்னி மேல போகுது. அங்க ஒரு புள்ள இருக்கு, பெரியவங்கள மதிக்கும்." எனக்குத் தல சுத்துது சேர்.

நவரட்ணராஜா: ஒருவேளை இஞ்சத்தைச் சனம் இப்பிடித்தான் கதைக்குமோ...

பஹீம்: இந்த மடுல்கெல்லைத் தேயிலத் தோட்டத்துக்கு நான் ஆட்டோவுல எத்தின ஹயர் வந்திருப்பேன். வழி கேட்டா வழி செல்லுவாங்க. இண்டைக்கு மட்டும் ஆட்டோவ நிப்பாட்டி நிப்பாட்டி டீ தாறாங்க. போற வழியெல்லாம் ரொட்டி. ஒரு பொம்பள வந்து மழ வரும் பொறவு போங்கண்டு ஆட்டோக்குள்ள தலைய விட்டுப் பாக்குது. என்னப் பாக்கல, உங்களப் பாக்குது.

நவரட்ணராஜா: பண்டி சுடுற துவக்கைப் பாத்திருக்கும்.

பஹீம்: எந்தத் துவக்க? பைக்குள்ள ஈக்கிறது குட.

நவரட்ணராஜா: சத்தம் போடாதையும்! பாக்கிற ஆக்களுக்கு அது துவக்குத்தான்.

பஹீம்: பைக்கு வெளியால பிடி வளைஞ்சு தெரியுது சேர்.

நவரட்ணராஜா: உள்ளுக்கை தள்ளும், தள்ளும்.

பஹீம்: வயித்துக்குள்ள டீ குலுங்குது. உங்கட கப்பையும் நான்தானே குடிச்சேன். எல்லா வீட்டுலயும் "எனக்குச் சீனி வருத்தம்"ண்டு என்ட பக்கம் தள்ளி விட்டுட்டீங்க.

நவரட்ணராஜா: சீனி வருத்தம் உண்மைதானே.

பஹீம்: ஒரு வீட்டுல சீனி போடாம வெறும் டீச் சாயம் தந்தாங்க. அதையும் தள்ளினீங்க. செல்லுங்க சேர். அது என்ன வருத்தம்?

நவரட்ணராஜா: தோட்டத்து வீடுகளிலை குடிச்சுப் பழக்கமில்லை, பஹீம். விடும்.

பஹீம்: சரி விட்டேன். ஆனா எனக்கு ஒண்டு மட்டும் செல்லுங்க. புள்ளைய விசாரிக்க வந்தா நேரா போய் விசாரிக்க ஏலாதா? எனத்துக்கு இந்த வேட்டக் கூத்து?

நவரட்ணராஜா: மாப்பிள்ளையின்ரை தேப்பன் வாறார் எண்டு தெரிஞ்சால் சனம் உண்மை சொல்லுமோ? எல்லாரும் பூசி மெழுகுவினம். வேட்டைக்காரன் எண்டால் கதை வேறை. பண்டி வந்து கிழங்குத் தோட்டத்தைக் கிண்டுற ஊர் இது. துவக்கோடை வாறவனைக் கண்டால் சனத்துக்குச் சந்தோசம். வாயைத் திறந்து ஊர்க்கதை முழுக்கச் சொல்லும். முந்தி நான் வேலை செய்த கந்தோரிலை ஒருத்தர் இந்தப் பக்கம் வேட்டைக்கு வாறவர். அவர் சொன்னவர், ராசமரியாதையாம்.

பஹீம்: மரியாத கிடைச்சிச்சு. விசாரண என்னாச்சு?

நவரட்ணராஜா: அதுதானே விளங்கேல்லை. எல்லாரும் நல்லதுதான் சொல்லுகினம். ஒரு குறை... ஒரு சின்னக் குறை கூட இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு.

பஹீம்: நல்ல புள்ளையா இருந்தா நல்லதுதானே சேர் செல்லுவாங்க. "ஓம்"ண்டு செல்லிட்டுத் திரும்புவோம். எனக்கு ஜும்மாவுக்கு வத்தேகமைக்காவது போய்ச் சேரணும்.

நவரட்ணராஜா: லேசாச் சொல்லிப் போட்டீர். எனக்கு இருக்கிறது ஒரு பெடியன். சுஜந்தன் ஒரு கிழமையா என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. நான் ஓம் எண்டால்தான் அந்தப் பிள்ளை கட்டுவாளாம், தேப்பன் வேண்டாமெண்ட வீட்டுக்கு வரமாட்டாளாம். எல்லாப் பாரமும் என்ரை தலையிலை. நாளைக்கு ஒண்டெண்டால் எங்கடை ஆக்கள் என்னைத்தானே கேப்பினம்... தோட்டத்திலையோ பெண் எடுத்தனீ எண்டு.

பஹீம்: உங்கட ஆக்கள் கேப்பாங்க. உங்கட மகன் சிரிப்பான். எது பெரிசு?

நவரட்ணராஜா: சும்மா இரும். ஆரோ வருகினம்.

ரத்தினம்மா: வேட்டக்கார ஐயா! அங்கயே நின்னுட்டீங்க? வாங்க, வாங்க. நானா, நீங்களும் வாங்க. வாசல்ல செருப்பு கழட்ட வேணாம், சேறா கெடக்கு.

நவரட்ணராஜா: இல்லைப் பிள்ளை, நாங்கள் மேலை போறம்...

ரத்தினம்மா: மேல போக இதான் வழி. எம் பேரு ரத்தினம்மா. இந்தக் கதிரைல ஒக்காருங்க ஐயா. அது கால் ஆடும், இதுல ஒக்காருங்க. பன்னிக்குத்தான வந்தீங்க?

நவரட்ணராஜா: ஓம், ஓம். பண்டி. பெரிய பண்டி நிக்குதாமே.

ரத்தினம்மா: நிக்குது நிக்குது. நேத்து மரவள்ளி பூராத்தையும் கிண்டிப்புடுச்சு. நீங்க சுட்டீங்கன்னா ஒங்களுக்குப் புண்ணியம். எங்க, துப்பாக்கிய காட்டுங்களேன்... நான் கிட்டத்துல பாத்ததே இல்ல.

பஹீம்: காட்டக் கூடாது தங்கச்சி! சட்டம்.

ரத்தினம்மா: அப்புடிங்களா.

நவரட்ணராஜா: ஓம், அது... லைசென்ஸ்காரன் மட்டும்தான் தொடலாம். அது கிடக்கட்டும் பிள்ளை. இதிலை பக்கத்திலை ஆரோ ராஜலிங்கம் எண்டு...

ரத்தினம்மா: இருக்காங்க. அந்தா, நீல கதவு. ஏன், பன்னி அங்கிட்டா போச்சு?

நவரட்ணராஜா: இல்லை... வழியிலை எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொல்லிச்சினம். எப்பிடிப்பட்ட ஆள்?

ரத்தினம்மா: நல்ல மனுசன். ஃபெக்டரில வேல.

நவரட்ணராஜா: குடிக்கிறவரோ?

ரத்தினம்மா: குடிப்பாரு.

பஹீம்: அல்லாஹ்வே! காலையில இருந்து இதுதான் முதல் குற.

ரத்தினம்மா: பொய் சொல்ல எனக்கு வராதுங்க. சம்பளத்தன்னிக்குக் குடிப்பாரு. குடிச்சா பாடுவாரு. அடிக்க மாட்டாரு, ஏச மாட்டாரு, பாட்டுத்தான். அத நிப்பாட்டத்தான் முடியாது. போர்வையால மூடுனாலும் உள்ளுக்குள்ள பாடுவாரு.

நவரட்ணராஜா: போர்வைக்குள்ளை பாடுறது உமக்கு எப்பிடித் தெரியும்?

ரத்தினம்மா: ...லயத்துல பலகச் சொவருதானங்க. எல்லாம் கேக்கும்.

நவரட்ணராஜா: ம்ம். மனிசி எப்பிடி?

ரத்தினம்மா: யாரு, கலாராணியா? வாயாடி.

நவரட்ணராஜா: வாய்க்காரியோ?

ரத்தினம்மா: ஒங்க ரெண்டு பேரையும் வித்துட்டு மிச்சத்துக்கு வெத்தல வாங்கிட்டு வந்துருவா. கோவம் வேற பொசுக்குன்னு வரும். ஆனா மனசுல ஒன்னும் வச்சுக்க மாட்டா. வச்சுக்குவா... கொஞ்ச நாளைக்கு வச்சுக்குவா.

பஹீம்: வச்சுக்குவாவா, மாட்டாவா?

ரத்தினம்மா: அது அவளுக்கே தெரியாது நானா.

நவரட்ணராஜா: அவை... அது வந்து... அவை என்ன ஆக்கள்?

ரத்தினம்மா: என்ன ஆளுங்கன்னா?

நவரட்ணராஜா: என்ன ஆக்கள் எண்டு கேட்டன்.

ரத்தினம்மா: கொழுந்து பறிக்கிற ஆளுங்க. அவரு மட்டும் ஃபெக்டரி ஆளு.

நவரட்ணராஜா: அதில்லைப் பிள்ளை. ஆக்கள்... இப்ப எங்கடை பக்கத்திலை ஆக்கள் எண்டால்...

ரத்தினம்மா: ஓ, தோட்டத்துல பேரு பதிஞ்ச ஆளா, அன்னாட கைகாசு ஆளான்னு கேக்குறீங்களா? பேரு பதிஞ்ச ஆளுங்கதாங்க.

நவரட்ணராஜா: பஹீம், நீர் சொல்லும்.

பஹீம்: என்னால ஏலா சேர். நீங்க கேக்க வந்தத நீங்களே கேளுங்க.

ரத்தினம்மா: கேளுங்க ஐயா, கூச்சப்படாம.

நவரட்ணராஜா: ...ஒண்டுமில்லை. பேந்து பாப்பம்.

ரத்தினம்மா: டீ எடுத்துக்கங்க. நானா, இது ஒங்களுக்கு. ஐயா, இது ஒங்களுக்கு.

நவரட்ணராஜா: எனக்குச் சீனி...

ரத்தினம்மா: சீனி போடலைங்க. இஞ்சி மட்டும்தான் தட்டிப் போட்டுருக்கேன்.

நவரட்ணராஜா: இல்லை, பஹீம் குடிப்பார்...

ரத்தினம்மா: கீழ இருந்து ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு கப்பையும் நானாவே குடிச்சாராமே. பாவம், அவரு வயிறு என்னாத்துக்கு ஆகும்?

பஹீம்: ஆர் சென்னது?

ரத்தினம்மா: ஃபோன்ல சொன்னாங்க.

நவரட்ணராஜா: வேட்டைக்காரன் தேத்தண்ணி குடிக்கேல்லை எண்டு... ஃபோன் எடுத்துச் சொன்னவையோ?

ரத்தினம்மா: ஆமாங்க.

நவரட்ணராஜா: எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

ரத்தினம்மா: குடிங்க. வெளங்கும்.

பஹீம்: சேர். குடிங்க சேர். இனி எனக்கு இடமில்ல.

நவரட்ணராஜா: சரி, ஒரு மிடறு பாப்பம்.

பஹீம்: அப்படித்தான்.

நவரட்ணராஜா: ...நல்லாத்தான் கிடக்கு. இஞ்சி உறைப்பா.

ரத்தினம்மா: ஐயா ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?

நவரட்ணராஜா: கேளும்.

ரத்தினம்மா: வந்து இவ்வளவு நேரமாச்சு. ராஜலிங்கம் குடிப்பாரான்னு கேட்டீங்க. பொஞ்சாதி எப்புடின்னு கேட்டீங்க. என்ன ஆளுங்கன்னு கேட்டீங்க. பன்னி எங்கன்னு ஒரு வார்த்த கேக்கலையே?

பஹீம்: நான் கேட்டேன் தங்கச்சி, கீழ.

ரத்தினம்மா: நீங்க "அது, அது"ன்னு கேட்டீங்களாம். டீக்கடைல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. வெள்ளிக்கிழம அதுவுமா நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு ஒரு சைவக்காரரு. கூட ஜும்மாவுக்குப் போற ஒரு நானா. ரெண்டு பேரும் பன்னி சுட வந்திருக்கீங்க! சுட்டா யாருங்க திங்கிறது?

பஹீம்: சேர், இத நாம யோசிக்கல.

நவரட்ணராஜா: நீர் வாயை மூடும்.

ரத்தினம்மா: இருங்க, ஃபோன் அடிக்குது... ஹலோ? ஆமாங்க, வந்துட்டாங்க. நல்லபடியா வந்துட்டாங்க... குடிச்சாருங்க. ஆமா, இப்பதான். முழுசாக் குடிச்சாரு... இல்லைங்க, கோவமா இல்ல, முழிச்சுக்கிட்டு இருக்காரு... கொடைதாங்க கொண்டு வந்திருக்காரு, நீங்க சொன்ன மாதிரியே. சரிங்க... சரிங்க. வைக்கிறேன்.

நவரட்ணராஜா: ஆர் அது?

ரத்தினம்மா: ஒங்க வீட்டம்மா.

நவரட்ணராஜா: என்ரை... சத்தியபாமாவோ?

ரத்தினம்மா: நேத்தே சொல்லிட்டாங்க, காலையில நீங்க கெளம்புன ஒடனேயும் எடுத்தாங்க. "அவர் வெளிக்கிட்டிட்டார், வேட்டைக்காரன் எண்டு சொல்லுவார், ஒருத்தரும் சிரிக்காதேங்கோ"ன்னாங்க. பாவம், கீழ இருக்கதுங்க அடக்கிப் பாத்துச்சுங்க. அதுக்குப் பதிலாத்தான் ஒங்கள கண்ட எடத்துல எல்லாம் டீ குடுத்துருக்குதுங்க.

பஹீம்: அப்ப அந்த ரொட்டி... அந்தச் சம்பல்...

ரத்தினம்மா: எல்லாம் மாப்பிள்ள அப்பாவுக்கு. வேட்டக்காரங்க வந்தாலும் குடுப்போம், அது வேற. அவங்களுக்கு இவ்வளவு தேங்கா போட மாட்டோம்.

நவரட்ணராஜா: ஊர் முழுக்கத் தெரியும். என்ரை மனிசிக்குத் தெரியும். நான் மட்டும் ஒரு மடையன் மாதிரி...

பஹீம்: நானும் ஈக்குறேன் சேர்.

நவரட்ணராஜா: பிள்ளை, நீர் ஆர்? உமக்கு ஏன் சத்தியபாமா ஃபோன் எடுக்கிறா?

கலாராணி: நான் ரத்தினம்மா இல்லைங்க, அது அந்த நீல கதவு வீட்டுக்காரி. எம் பேரு கலாராணி. நீங்க உள்ள வந்து ஒக்காந்திருக்கது டிலானி வீடு.

பஹீம்: பலகச் சொவருல கேக்கும்ண்டு சென்னீங்களே, போர்வைக்குள்ள பாட்டு!

கலாராணி: சொவரு வேணுமா நானா, எம் பக்கத்துலதான படுக்குறாரு.

நவரட்ணராஜா: பிள்ளை... அம்மா... நீங்கள் என்னை மன்னிக்க வேணும். நான் உங்களிட்டைப் போய்...

கலாராணி: இப்பதான் "நீங்கள்" வருது. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க ஐயா, மறைக்க மாட்டேன். எம்புள்ளய பாக்க வாறவரு முன் வாசலால வருவாரு, வெத்தலத் தட்டு வைப்பேன், அவ அப்பாவ வெள்ள வேட்டி கட்டச் சொல்லுவேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பன்னிய தேடிக்கிட்டு வந்தீங்க. பொம்பளப் புள்ளய பாக்குறதுக்கு அப்புடி வரலாமா? ராத்திரி பூரா அவ அழுதுக்கிட்டு இருந்தா. ஒங்களுக்குப் புடிக்காதுன்னு.

நவரட்ணராஜா: அவ இஞ்சையோ நிக்கிறா?

கலாராணி: வேலைக்குப் போயிட்டா. "நான் நின்னா அவங்களுக்கு மொகத்துக்காக சொல்ல வேண்டி வரும்மா, எனக்கு அப்புடி வேணாம்"னு சொல்லிட்டு மொத பஸ்ஸுல போயிட்டா.

நவரட்ணராஜா: ...அப்பிடியோ சொன்னவ?

பஹீம்: கேட்டீங்களா சேர்? இதுக்கு மேல எனத்த விசாரிக்கிறது?

நவரட்ணராஜா: எனக்குக் குழப்பமாக் கிடக்கு பஹீம். வரேக்கை ஒரு மனநிலையிலை வந்தன். குறை கண்டுபிடிச்சால் லேசாப் போயிடும் எண்டு... உண்மையாத்தான் சொல்லுறன், ஒரு குறை கிடைக்காதோ எண்டுதான் வந்தன்.

கலாராணி: நான் ரெண்டு சொன்னேனே. குடிப்பாரு. வாயாடி.

நவரட்ணராஜா: அவர் பாடுறாராம், நீங்கள் பகிடி விடுறியள். எங்கடை வீட்டிலை நாங்கள் மூண்டு பேரும் மூண்டு அறைக்குள்ளை இருந்து ஃபோன் பாக்கிறம். எது குறை எண்டு எனக்கு இப்ப விளங்கேல்லை.

பஹீம்: அப்ப செல்லுங்களேன், அந்த ஒரு சொல்ல. புள்ள அங்க காத்துக்கிட்டு ஈக்கும். எனக்கும் ஜும்மா ஈக்குது.

நவரட்ணராஜா: பொறும்... சொல்லுறன். இஞ்சை பாருங்கோ, அம்மா. நாங்கள் நிலபுலம், ஆக்கள், ஊர் எண்டு கன விசயம் பாக்கிற சனம். நான் அதிலேயே வளர்ந்தவன். அது ஒரு நாளிலை போகாது. ஆனால்... எனக்குச் சம்மதம். நான் சம்மதிச்சிட்டன் எண்டு பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ.

பஹீம்: அல்ஹம்துலில்லாஹ்! சேர், கைய தாங்க! தங்கச்சி, மகன் இனிச் சிரிப்பான்!

கலாராணி: ஐயா சம்மதம்னு சொன்னாங்க. சந்தோசம். நான் இன்னும் சொல்லலையே.

நவரட்ணராஜா: ...நீங்களோ?

கலாராணி: ஏங்க, பொண்ணோட அம்மா சொல்ல வேணாமா?

நவரட்ணராஜா: இல்லை, இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை. சொல்ல வேணும்தான். ஆனால் நீங்கள் இவ்வளவு அன்பா... இவ்வளவு உபசரிச்சு... சம்மதமில்லாமலோ இதெல்லாம்?

கலாராணி: வீட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுக்குறது வேற. புள்ளய குடுக்குறது வேற.

பஹீம்: யா அல்லாஹ், திரும்பவும் கொழப்புறீங்களே!

நவரட்ணராஜா: நியாயம். நீங்கள் சொல்லுறது நியாயம். அப்ப ஒண்டு செய்யுங்கோ, நீங்களும் விசாரியுங்கோ. எங்கடை ரோட்டிலை ஆரை வேணுமெண்டாலும் கேளுங்கோ. கோயிலடியிலை கேளுங்கோ. கந்தோரிலை கேளுங்கோ. எங்கடை வீட்டைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லுப் பிழையாச் சொல்லமாட்டினம்.

கலாராணி: விசாரிச்சாச்சுங்க.

நவரட்ணராஜா: எப்ப? ஆரிட்டை?

கலாராணி: நானே வந்தேன். போன மாசம் ஒங்க கேட்டுக்கு மிளகு வித்துக்கிட்டு ஒரு பொம்பள வந்தால்ல... ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்க பேப்பர விட்டுத் தல தூக்கல. "தோட்டத்து ஆக்களை உள்ளுக்கை விடாதை, கேட்டைப் பூட்டு"ன்னு உள்ள பாத்துச் சொன்னீங்க. திரும்பிப் போயிடலாம்னு கூடைய தூக்கிட்டேன். ஒங்க வீட்டம்மாதான் வெளிய ஓடி வந்து, கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி, குசினில தன் பக்கத்துல ஒக்கார வச்சு, தான் தின்னுக்கிட்டு இருந்த புட்டுல பாதிய எனக்குப் போட்டாங்க. யாரு எவருன்னு ஒரு வார்த்த கேக்கல, நானாத்தான் அழுதுக்கிட்டே சொன்னேன்... எனக்கும் சம்மதம்தாங்க ஐயா, புள்ளய அனுப்புறேன், ஆனா ஒங்கள நம்பி இல்ல, அந்தம்மாவ நம்பி.